திறந்து மூடும் கூரையின் கீழ்

இளவேனில் என்றதும் தமிழர் நெஞ்சிலே தோன்றும் காட்சி ஒன்று உண்டு. மா துளிர்க்கும், கொன்றை பூக்கும், குயில் கூவும், தென்றல் வீசும். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என வகுத்த நம் முன்னோர் தம் நிலத்தையும் தம் வானத்தையும் நோக்கியே அப்பெயரை இட்டனர். அதே சொல்லை வட அமெரிக்காவின் ஏப்பிரல் மாதத்துக்கும் நாம் வழங்குகின்றோம். ஆயின், அங்கே பல ஊர்களில் இளவேனில் என்பது நாட்காட்டியில் மட்டும் வந்துவிட்ட பருவமாகும். காலையில் வெயில் எறிக்கும். நண்பகலில் மழை கொட்டும். மாலையில் வெண்பனி பொழியும். தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து ஈரமும் சூடும் கொண்ட காற்று ஏறிவருகின்றது. வடக்கே கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்கிவருகின்றது. இரண்டும் பொருதும் களமாக அந்நாட்டின் நடுப்பகுதி அமைந்திருப்பதே இதற்குக் காரணம். பேரேரிகளின் கரையிலுள்ள நகரங்களுக்கோ இன்னுமொரு தொல்லை. குளிர்காற்றானது ஏரிநீரின் மேலாக வரும்போது நீராவியை வாரிக்கொண்டு வந்து, கரையிலே பனியாகக் கொட்டிவிடுகின்றது.

இத்தகைய காலத்திலேதான் அமெரிக்கர் தம் தேசிய விளையாட்டெனப் போற்றும் பேஸ்போல் ஆட்டப் பருவத்தைத் தொடங்குகின்றனர். சற்றுப் பொறுத்து, வெயில் நிலைத்த பின் தொடங்கலாகாதா என்று எம் வாசகர்கள் வினவக்கூடும். தொடங்க வழியில்லை. பெருஞ் சங்கத்திலே 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஏறக்குறைய நாள்தோறும் ஆடினாலும் இதற்கு ஆறு மாதங்கள் செல்லும். அதன் பின்னரே இறுதிப் போட்டிகள். ஒக்டோபரில் குளிர் திரும்பிவந்து கதவைத் தட்டுமுன் அவை முடிவுறுதல் வேண்டும். ஆதலால், மார்ச் மாதக் கடைசியிலோ ஏப்பிரல் தொடக்கத்திலோ முதற் பந்தை வீசியே ஆகவேண்டியிருக்கின்றது.

கிறிக்கெட் ஆட்டத்தை அறிந்த நமக்குப் பேஸ்போலின் மழைத் துன்பத்தை விளக்குதல் எளிது. பந்து நனைந்தால் வீசுபவரின் விரல்களுக்குப் பிடி கிடையாது. அவர் வீசும் பந்து மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் அடிப்பவரின் தலைக்கு அருகாகச் செல்வது. அது கைவழுக்கிப் போனால் உயிருக்கே ஆபத்து. ஓடுபவர் சறுக்கி விழும் களிமண் தரை சேறாகிவிடும். கடுங்குளிரிலோ, மட்டையிற் பந்து படும்போது கை மரத்துப்போகும். 2013ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் டென்வர் நகரில் ஓர் ஆட்டம் தொடங்கியபோது குளிர் பூச்சியத்துக்குக் கீழே 5 சதமபாகை. அங்கே கூரை இல்லை, ஆட்டம் நடைபெற்றது, மக்களும் கம்பளி போர்த்துக்கொண்டு பார்த்தனர்.

கூரையில்லாத மைதானங்களுக்குத் துணையாயிருப்பது படங்கு ஒன்றே. மழை தூறியதும் பணியாளர் பலர் ஓடிவந்து பெரியதொரு படங்கை உருட்டி விரித்து, ஆடுகளத்தை மூடுவர். மழை விட்டதும் நீரை வடித்துச் சுருட்டுவர். இக்காட்சி நமக்குப் புதியதன்று. 2023இல் ஆசியக் கிண்ணப் போட்டிகளின்போது மழையோடு போராடிய கொழும்பு, கண்டி மைதானப் பணியாளர்களுக்கு 50,000 அமெரிக்க டொலர் பரிசளிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆட்டக்காரரின் துன்பம் இவ்வாறாக, பார்க்க வந்தவரின் துன்பம் எத்தகையது? பேஸ்போல் ஆட்டத்திலே அவருக்கென நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு உண்டு. மழையால் ஆட்டம் நின்றுபோனால், கையிலுள்ள சீட்டின் துண்டைக் காட்டி மற்றொரு நாள் வந்து பார்க்கலாம். இதற்கு மழைச்சீட்டு என்று பெயர். 1880களிலேயே இவ்வழக்கம் அங்கே ஏற்பட்டுவிட்டது. ஓர் அழைப்பை அன்று ஏற்க இயலாதவர், 'மழைச்சீட்டுத் தாருங்கள்' எனக் கேட்பதாகிய ஆங்கிலப் பேச்சு வழக்கு இதிலிருந்து பிறந்ததே. நியாயமான ஏற்பாடுதான், ஐயமில்லை. ஆயினும், அச்சீட்டுத் திருப்பித் தருவது ஆசனத்தை மாத்திரமே. நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்த தந்தையின் விடுமுறை நாளை அது திருப்பித் தராது. மாதக்கணக்காக அந்நாளை எண்ணிக்கொண்டிருந்த சிறுவனின் ஆவலையும் அது திருப்பித் தராது. அயலில் வாழ்பவனுக்கு மழைச்சீட்டு ஒரு தீர்வு. தொலைவிலிருந்து வந்தவனுக்கு அது வெறுந் துண்டு.

வானத்தின் விளையாட்டு எவ்வளவு கொடிதாகலாம் என்பதற்கு 2007ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் நிகழ்ந்தது ஒன்றே போதும். அந்நகர் ஈரி என்னும் பேரேரியின் கரையிலுள்ளது. ஏப்பிரல் 6ஆம் நாள், அவ்வாண்டில் அங்கு நடைபெறும் முதல் ஆட்டம். எதிரணி சியாட்டில். பனி விட்டுவிட்டுப் பொழிந்தது. ஆட்டம் நின்றுநின்று தொடர்ந்தது. நெடுங்காலம் வழங்கிவந்த விதியின்படி, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் ஐந்து முடிந்துவிட்டால் அதனை முழு ஆட்டமாகக் கொள்ளலாம். சொந்த ஊர் அணி முன்னணியில் இருப்பின் நாலரையே போதும். கிளீவ்லாந்து நான்குக்குப் பூச்சியம் என்ற கணக்கில் முன்னணியில் நின்றது. அதன் பந்து வீச்சாளர் அதுகாறும் எதிரணிக்கு ஓர் அடியேனும் கொடுக்கவில்லை. ஐந்தாம் இன்னிங்ஸின் முதற் பாதி முடிய, இன்னும் ஒரேயொரு வீச்சு வெற்றியாக வேண்டியிருந்தது. அந்நேரத்திலே, பனியிற் பந்து தெரியவில்லை எனச் சியாட்டில் அணியின் முகாமையாளர் முறையிட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அது மீண்டும் தொடங்கவேயில்லை. அத்தனை பந்துகளும் கணக்கில் இல்லாமற் போயின. அடுத்த நாட்களிலும் பனி விடாமையால் அத்தொடரின் நான்கு ஆட்டங்களும் அழிந்தன. அடுத்ததாக லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதி அணியொன்று வந்து ஆடவேண்டும். மைதானமோ பனிக்குள் கிடந்தது. கிளீவ்லாந்து மக்கள் என் செய்தனர் என்பதைப் பின்னர்ச் சொல்வோம். அதற்குமுன், கூரையின் கதையைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

மைதானத்துக்குக் கூரையிடும் எண்ணத்தை முதலிற் பேரளவிலே நிறைவேற்றிய நகரம் ஹூஸ்ரன். 1965இல் அங்கே திறக்கப்பட்ட அஸ்ரோடோம் என்னும் அரங்கு, பேஸ்போல் ஆட்டத்துக்கென அமைந்த முதலாவது மூடிய மண்டபமாகும். அதனை உலகின் எட்டாவது அதிசயம் என்றே அழைத்தனர். கூரையிலே நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஒளிபுகும் பலகைகளைப் பதித்திருந்தனர். கீழே புல் வளரவேண்டும் என்பதே நோக்கம். ஆயின், அப்பலகைகளின் ஊடே பாய்ந்த ஒளி கண்ணைக் கூசச் செய்தது. உயரச் சென்ற பந்து எங்கே வருகின்றது என்பதை ஆட்டக்காரரால் அறிய முடியவில்லை. எனவே பலகைகளுக்கு நிறம் பூசினர். பந்து தெரிந்தது, புல் செத்தது. அடுத்த ஆண்டிலே செயற்கைப் புல்லைக் கொணர்ந்து விரித்தனர். இன்று உலகெங்கும் காணப்படும் செயற்கைப் புற்றரைக்கு அந்தக் கூரையே பெரும் விளம்பரமாயிற்று.

மூடிய கூரையும் வானத்தை முழுமையாக வென்றுவிடவில்லை. 1976ஆம் ஆண்டு யூன் 15ஆம் நாள் ஹூஸ்ரன் நகரிற் பெருமழை கொட்டியது. அரங்கின் உள்ளே ஒரு துளியும் விழவில்லை. இரு அணியினரும் முன்னரே வந்துவிட்டனர். ஆனால், வீதிகளில் வெள்ளம் பெருகியமையால் நடுவர்களும் வரவில்லை; மக்களும் வரவில்லை. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. உலர்ந்த ஆடுகளத்தின்மேல் மேசைகளைப் போட்டு ஆட்டக்காரர் இராப்போசனம் உண்டனர். கூரையுள்ள அரங்கில் மழையால் ஆட்டம் நின்ற விந்தை இது.

மூடினாற் புல் சாகின்றது. திறந்தால் ஆட்டம் நின்றுபோகின்றது. வேண்டியபோது மூடி, வேண்டாதபோது திறக்கும் கூரை இருந்தால் என்ன? மொன்றியல் நகரத்தார் இவ்வெண்ணத்தை முதலிலே பெரிதாக முயன்றனர். 1976ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவுக்கெனக் கட்டிய அரங்கின் பக்கத்திலே சாய்ந்த கோபுரமொன்றை எழுப்பி, அதிலிருந்து வடங்களாலே துணிக்கூரையைத் தூக்கவும் இறக்கவும் திட்டமிட்டனர். விழா முடிந்து பதினோர் ஆண்டுகள் சென்ற பின்னரே, 1987இல், அக்கோபுரமும் கூரையும் நிறைவெய்தின. துணியோ காற்றிலே கிழிந்துகொண்டேயிருந்தது. ஈற்றில் 1998இல் திறவாத கூரையொன்றை இட்டு அம்முயற்சியைக் கைவிட்டனர்.

வெற்றி கண்டது ரொறன்ரோ. அந்நகரத்து அணி தன் வாழ்நாளின் முதல் ஆட்டத்தை 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் பனிமழையிலேயே ஆடியது. பனிச்சறுக்கு அரங்கிலே தரையைச் சீர்செய்யும் பொறியைக் கொண்டுவந்து ஆடுகளத்திற் பனியை அகற்றவேண்டியிருந்தது. 40,000க்கு மேற்பட்ட மக்கள் அக்குளிரில் அமர்ந்து பார்த்தனர். அவர்களின் அணியும் வென்றது. ஐந்தாண்டுகளின் பின், 1982இல், அதே மைதானத்தில் நிகழ்ந்த கனேடியக் காற்பந்துக் கிண்ண இறுதி ஆட்டம் மழையில் மூழ்கியபோது, நனைந்திருந்த கூட்டம் கூரை வேண்டுமென்று உரத்துக் குரலெழுப்பியது. அக்குரலின் பயனாக 1989ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் ஸ்கைடோம் என்னும் அரங்கு திறக்கப்பட்டது. நான்கு பகுதிகளாலான எஃகுக் கூரை. ஒன்று நிலையாக நிற்க, மற்றைய மூன்றும் தண்டவாளத்தின்மேல் நகர்ந்தும் சுழன்றும் ஒதுங்கும். இதற்கு ஏறக்குறைய 20 நிமிடங்கள் செல்லும். திறப்பு விழாவன்று மழை. எனினும், கூரை திறப்பதைக் காட்டவே கூட்டிய கூட்டமாதலால் திறந்தே காட்டினர். கூரைக்காகக் குரலெழுப்பிய நகரம், கூரை வந்த அன்றும் நனைந்தது.

இதன் செலவையும் சொல்லவேண்டும். அவ்வரங்கைக் கட்ட ஏறக்குறைய 57 கோடி கனேடிய டொலர் சென்றது. அதிலே பொதுமக்கள் பணம் பெரும்பங்கு. 2004இல் அதனைத் தனியார் வாங்கிய விலை இரண்டரைக் கோடி.

அதன்பின் ஏனைய நகரங்களும் முன்வந்தன. 1998இல் பீனிக்ஸ், 1999இல் சியாட்டில், 2000இல் ஹூஸ்ரன், 2001இல் மில்வோக்கி, 2012இல் மயாமி, 2020இல் டெக்சாசின் ஆர்லிங்ரன் எனத் திறந்து மூடும் கூரைகள் எழுந்தன. எல்லா ஊர்களின் தேவையும் ஒன்றன்று. பீனிக்ஸ் பாலைவனத்து நகரம்; அங்கே கூரை வெயிலுக்கு நிழல். சியாட்டிலின் கூரை பக்கங்களை அடைப்பதில்லை. மேலே குடைபோல் நின்று மழையை மட்டும் தடுக்கும். காற்று வழமைபோல் உள்ளே உலாவும்.

மில்வோக்கியின் தேவை வேறு. அது விசுகொன்சின் மாநிலத்திலே, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள நடுத்தர நகரம். மாநிலத்தின் தூரத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தாற்றான் அரங்கு நிறையும். ஏப்பிரலில் ஆட்டம் நடக்குமோ நடவாதோ என்ற ஐயம் இருக்குமானால், அவர்கள் வீட்டைவிட்டுப் புறப்படார். ஆகவே, 'நீங்கள் வாருங்கள். ஆட்டம் நடக்கும்' என்று வாக்களிப்பதற்கே அங்கு கூரை வேண்டியிருந்தது. விசிறிபோல் மடிந்து விரியும் 12,000 தொன் எடையுள்ள கூரை அது. பத்து நிமிடமளவில் மூடிவிடும். நல்ல வெயில் நாட்களிலே திறந்துவிடுவர். ஒளி உள்ளே இறங்கும். மெய்யான புல் வளரும். அஸ்ரோடோமில் செத்த புல் இங்கே உயிர்பெற்றது எனலாம்.

ஆனால், அவ்வாக்கின் விலை சிறிதன்று. ஐந்து மாவட்டங்களிலே மக்கள் நூறு டொலருக்குப் பொருள் வாங்குந்தோறும் பத்துச் சதம் அரங்குக்கெனச் செலுத்தவேண்டுமென 1995இல் சட்டம் இயற்றினர். ஆட்டம் பார்ப்பவரும் செலுத்தினர், பாராதவரும் செலுத்தினர். சட்டத்துக்கு எதிராக நிற்பதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் ஆதரவாக வாக்களித்த மாநில செனட் உறுப்பினர் ஒருவரை, அவருடைய தொகுதி மக்கள் அடுத்த ஆண்டிலே வாக்கெடுத்துப் பதவியினின்றும் நீக்கினர். அவ்வரி 2020 வரை தொடர்ந்தது.

அதனினும் பெரிய விலையைக் கொடுத்தவர் மூவர். 1999ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள், பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தபோது, 400 தொன்னுக்கு மேற்பட்ட கூரைத் துண்டொன்றைத் தூக்கிய பாரந்தூக்கி முறிந்து வீழ்ந்தது. உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரும்பு வேலையாளர் மூவர் உயிர் நீத்தனர். 2000இல் திறக்கவேண்டிய அரங்கு மறு ஆண்டே திறக்கப்பட்டது.

இனி, பனிக்குள் விட்டுவந்த கிளீவ்லாந்துக்குத் திரும்புவோம். மைதானம் ஆடத்தக்கதாக இல்லாமையால், அவர்கள் மில்வோக்கியின் கூரையை இரவல் கேட்டனர். மில்வோக்கி அணி அப்போது வேற்றூர் சென்றிருந்தது. அரங்கு வெறுமையாக இருந்தது. 2007 ஏப்பிரல் 10ஆம் நாள் முதல் மூன்று நாட்கள் ஆட்டங்களை அங்கே நடத்துவதென்று தீர்மானித்து, ஆசனம் ஒன்றுக்குப் பத்து டொலர் என விலை வைத்தனர். ஆடுபவை இரண்டும் பிறவூர் அணிகள். கணக்கிலே கிளீவ்லாந்தின் சொந்த ஊர் ஆட்டம். பார்ப்பவரோ மில்வோக்கி மக்கள். யார் வருவார் என்று எண்ணியிருப்பர். முதல் நாளில் மட்டும் 19,000 பேர் வந்தனர். பனியிலே வீடிழந்து வந்த அணிக்குத் தம் அணிபோலக் கைதட்டினர். அவ்வரங்கின் வழக்கமான வேடிக்கையாகிய, இறைச்சிக் குழல்போல் வேடமிட்டோரின் ஓட்டப்பந்தயத்தையும் விருந்தினருக்காக நடத்திக் காட்டினர். வரியாலே முணுமுணுப்பை உண்டாக்கிய அதே கூரை, அந்த மூன்று நாட்களும் அயலூரானுக்குத் திண்ணையாயிற்று. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் ஐக் சூறாவளி ஹூஸ்ரனைத் தாக்கியபோது, தனக்கெனக் கூரை படைத்த ஹூஸ்ரன் அணியும் அங்கேதான் வந்து ஆடியது.

கூரையை விரும்பாதாரும் உளர் என்பதை மறைத்தலாகாது. மினியாபொலிஸ் நகரத்து அணி 1982 முதல் 28 பருவங்கள் காற்றால் ஊதி நிறுத்திய துணிக்கூரையின் கீழே ஆடியது. குளிருக்குப் பெயர்பெற்ற அந்நகரிலே 2010இற் புதிய மைதானம் திறந்தபோது அதற்குக் கூரையே இடவில்லை. செலவு ஒரு காரணம். ஆயினும், ஒரு தலைமுறைக் காலம் மண்டபத்துள் அமர்ந்திருந்த மக்கள் வானத்தைக் காண ஆசைப்பட்டதும் உண்மை. பழைய துணிக்கூரையோ அவ்வாண்டு டிசெம்பரிற் பனியின் பாரம் தாங்காது கிழிந்து வீழ்ந்தது. ரொறன்ரோவின் எஃகுக் கூரையிலும் 2018 ஏப்பிரலில், அருகிலுள்ள சீ.என். கோபுரத்தினின்றும் விழுந்த பனிக்கட்டி துளையிட்டது; அன்றைய ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் மில்டன் சூறாவளி புளொரிடாவிலுள்ள அரங்கொன்றின் துணிக்கூரையைக் கீறிப் பறக்கவிட்டது.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து நாம் கொள்ளும் கருத்து இது. கூரை ஆட்டக்காரரின் வசதிக்காக வந்ததன்று. தொலைவிலிருந்து வருபவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே வந்தது. அந்த வகையில் அது நல்லது. அயலூரார்க்கும் அதே வாயிலைத் திறந்துவிடும்போது அது மிக நல்லது. ஆயின், வாக்களிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்ற நிலை வரும்போதுதான் வழக்கு எழுகின்றது. வரி இறுப்பவனை முன்னரே கேட்டுக் கட்டினால் முணுமுணுப்பு இராது. காற்று அடங்கும்வரை வேலையை நிறுத்தியிருந்தால் மூவர் வீடு திரும்பியிருப்பர். மழைக்காக ஆட்டத்தைத் தள்ளிவைக்கத் தெரிந்த மனிதர், காற்றுக்காக வேலையைத் தள்ளிவைக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவிலே கல்வி கற்கச் செல்லும் எம் மாணவருள் எவரேனும் மில்வோக்கிப் பக்கம் போக நேர்ந்தால், ஓர் ஏப்பிரல் மாலையில் அவ்வாட்டத்தைப் பார்த்துவருக. வெளியே என்ன பொழிந்தாலும் உள்ளே ஆட்டம் நடக்கும். அரங்கின் வெளியே, இறந்த தொழிலாளரை நினைவுகூர்ந்து, வேலைக்கோலத்தில் நிற்கும் மூவரின் வெண்கலச் சிலை வைத்திருக்கின்றார்கள். உள்ளே போகுமுன் அதனருகிலும் சிறிது நேரம் நின்று செல்க.